ஒரு மூச்சு தள்ளி

புது என்ஜினுக்கு முதல் ஒரு மணி நேரம்தான் ஜாதகம் என்பது ஜாஃபர் சாதிக்கின் கட்சி. பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங், அது ஏறி இறங்கும் குழாயின் சுவரோடு அந்த நேரத்துக்குள் தேய்ந்து பொருந்திவிட வேண்டும். புதுசுதானே, பாவம் என்று தாஜா பண்ணி மெதுவாக ஓட்டினால் சுவர் வழுவழுத்துப் போகும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ரிங் உட்காராது. வண்டி ஆயுசு முழுக்க ஆயிலைக் குடித்துப் புகையைக் கக்கும். ஆகவே பாரம் ஏற்றி ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும், சட்டென்று விட வேண்டும், ஆறவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் இதற்கு நேர் எதிராகத்தான் போட்டிருக்கும். "அது ஆபீஸ் போறவனுக்கு எழுதுனது. நாம ஆபீசுக்கா போறோம்?" என்பார் ஜாஃபர். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு இதை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் கிடையாது.

ஆனால் எங்கே முறுக்குவது? ரேஸ் வண்டிக்கு விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, சைலன்சர் என்று ஒன்று பெயருக்குத் தொங்கும். ரோட்டில் இறக்கினால் போலீஸ் வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்களே கல்லை எடுத்துவிடுவார்கள். பெரிய நகரங்களில் இதற்கென்று மெஷின் வைத்திருக்கிறார்கள். ஜாஃபர் தண்ணீரை வைத்திருந்தார். வண்டியின் பின் சக்கரத்தை இரண்டு இரும்பு உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டுவார். உருளையிலிருந்து பெல்ட் போட்டு ஒரு பம்பைச் சுற்றவிடுவார். வால்வைத் திறந்தால் தண்ணீர் பாயும், என்ஜினுக்குப் பாரம் ஏறும், மூடினால் இறங்கும். இறைப்பதற்குத் தண்ணீர் இல்லாத ஊரா இது? ரேஸ் வண்டியை வைத்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த வைகாசியில் அவரைக் கூப்பிட்டு அனுப்பியது பஞ்சநதம். ஊர் எல்லையில் ரோட்டை ஒட்டியிருக்கும் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டிருந்தவர். போன கோடையில் மழை விடாமல் பெய்ததால் குளத்தை இறைக்கவே முடியாமல் போயிற்று. இந்த வருஷமாவது மேட்டூர் திறப்பதற்குள் இறைத்து மீனைப் பிடித்தாக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குளம் மறுபடி ரொம்பிவிடும். முக்கால் குளம் வற்றியிருந்த நேரத்தில் அவருடைய டீசல் என்ஜின் படுத்துவிட்டது. குளத்துக்குச் சொந்தக்காரி ஞானம் டீச்சர். டீச்சரின் மகள் மதுவந்திதான் அந்தப் புது வண்டியை ரேஸில் ஓட்டப்போகிறவள். எல்லாம் தானாகவே கூடி வந்தது. இப்படிக் கூடி வருவதைப் பார்த்து ஜாஃபருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ரேஸ் அடுத்த வாரம், சென்னையில். மதுவந்திக்குக் கோப்பையின் மேல் அப்படி ஒன்றும் மோகம் இல்லை. ஜெயித்தவர்கள் வரிசையில் தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். வந்தால் பெங்களூரில் இருக்கிற அண்ணன் வசிஷ்ட் கண்ணில் படும். பட்டால் அவனுக்கு வயிறு எரியும். வயிறு எரிந்தால் திட்டுவதற்காவது கூப்பிடுவான். அந்த ஒரு போனுக்காகத்தான் அவள் ஒரு வருஷமாக ராப்பகல் பாராமல் வண்டியே கதி என்று கிடந்தாள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் முன்பு ஒரே வண்டி. அதுவும் ஜாஃபர் கட்டிக் கொடுத்ததுதான், ஆனால் விளக்கும் நம்பர் பிளேட்டும் வைத்த ரோட்டு வண்டி. யார் ஓட்டுவது என்பதில் விடிந்தால் அடைந்தால் சண்டை. வளைவுக்கு முன்னால் யார் கடைசி வரை முறுக்கிப் பிடித்துவிட்டு அப்புறம் விடுகிறார்கள் என்பது அவர்களுக்குள் ஒரு போட்டி. அதில் அவன்தான் எப்போதும் ஜெயிப்பான். "நீ விட்டதுக்கு ஒரு மூச்சு தள்ளித்தான்டி நான் விடுவேன்" என்று பழிப்புக் காட்டுவான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெங்களூரில் ஏதோ டீமில் சேரப்போகிறேன், வண்டி எனக்குத்தான் என்று அவன் நின்றான். இவள் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா இரண்டு பேரையும் வைதாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, மழையோடு மழையாகப் போனவன்தான்.

போன் அன்றிலிருந்து செத்துக் கிடந்தது. மதுவந்தியும் ஜாஃபரும் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வளர்ந்த பையன், கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான், கோவம் தணிஞ்சா வருவான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். சொந்தக்காரர் ஒருவர் அவனை பெங்களூரில் ஒரு சிக்னலில் பார்த்ததாகச் சொன்னார். ஹெல்மெட் போட்டிருந்தான் என்றும் சொன்னார். ஹெல்மெட் போட்டவனை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

அம்மாவின் கோபம்தான் மதுவந்திக்குப் பிடிபடவே இல்லை. பிள்ளை போனால் தாய்க்காரி அழுவாள், சாமிக்கு நேர்ந்துகொள்வாள், போகிறவர் வருகிறவரிடம் விசாரிப்பாள். ஞானம் ஒன்றும் செய்யவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் பேரை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். "அவனே கூப்பிடட்டும். நாம ஒண்ணும் அவன் கால்ல போய் விழ வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னாள், அதற்கப்புறம் அதுவும் இல்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் ஜாஃபர் எல்லாவற்றையும் கட்டி முடித்தார். வண்டி உருளைகளின் மேல் நின்றது. என்ஜினுக்கு எதிரே காற்றுக்கு ஒரு பெரிய ஃபேன். பம்பிலிருந்து ஒரு குழாய் குளத்துக்குள்ளும் இன்னொன்று வாய்க்காலுக்குள்ளும் போயிற்று. குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் மிச்சம். அதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. ரோடு வளைகிற மூலைக்குக் கீழே மட்டும் பள்ளம் அதிகம், எந்தக் காலத்திலோ ரோடு போடுவதற்கு மண் வெட்டிய இடம். அதற்குப் பக்கத்தில்தான் குழாயின் வாயைப் பஞ்சநதம் இறக்கியிருந்தார்.

முதல் தடவை சும்மா சூடேற்றி அணைத்தார்கள். ஜாஃபர் ஆயிலை இறக்கிப் பார்த்தார். பொடிப்பொடியாக இரும்பு மினுக்கியது. "நல்லாத் தேயுது" என்று திருப்தியோடு புது ஆயிலை ஊற்றினார். "இனிமேதான் கச்சேரி. வால்வு என் கையில. நான் தலையாட்டுனா முறுக்கு. கையைக் காட்டுனா விட்டுரு."

மதுவந்தி வண்டியின் மேல் உட்கார்ந்து முறுக்கினாள். பம்பு உறுமியது, வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. ஜாஃபர் கையைக் காட்டினார். விட்டாள். என்ஜின் சத்தம் இறங்கியது. இறங்கிய பிறகு, ஒரு மூச்சு தள்ளி, இன்னொரு சத்தம் இறங்கியது.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். கை விட்டுத்தான் இருந்தது.

"கேபிள் ஒட்டுதாண்ணே?"

ஜாஃபர் வந்து கேபிளை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். பட்டு மாதிரி போய்வந்தது. "கேபிள்ல ஒண்ணும் இல்லையே" என்றார். மறுபடி முறுக்கினாள், மறுபடி விட்டாள். மறுபடியும் அந்த இரண்டாவது சத்தம். இது தாமதமாக அடங்குகிறது, அதுவும் எங்கோ ஒரு பானைக்குள்ளிருந்து வருவது போல.

"எதிரொலி பாப்பா" என்று கரையில் குத்துக்காலிட்டிருந்த பஞ்சநதம் சிரித்தார். "வெட்டவெளில்ல? அப்படித்தான் கேக்கும்."

வெட்டவெளியில் எப்படி எதிரொலி வரும்? அறுத்துப்போட்ட வயல் அடிவானம் வரைக்கும் கிடந்தது. சுவர் இல்லை, மேடு இல்லை, ஒற்றைப் பனைமரம் மட்டும் நின்றது. சத்தம் போய் முட்டித் திரும்புவதற்கு அந்தச் சீமையில் ஒரு பொருள் கிடையாது. இது பஞ்சநதத்துக்கும் தெரியும். சிரித்துவிட்டு அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது வேர்வைக்காக மட்டும் இல்லை.

ஆறவிட்டு மூன்றாவது தடவை ஆரம்பித்தார்கள். இந்த முறை மதுவந்தி கையை விடுவதோடு நிற்காமல், கட்டை விரலால் ஸ்விட்சை அழுத்தி என்ஜினையே கொன்றாள். வண்டி சட்டென்று செத்தது. உருளை சுற்றி ஓய்ந்தது, வாய்க்காலில் தண்ணீர் அறுந்தது, ஃபேனையும் ஜாஃபர் அணைத்துவிட்டார். அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. குளத்துக்குள்ளிருந்து, ஆகாயத்தாமரைக்கு அடியிலிருந்து, நிதானமாக. நடுவில் ஒரு இருமல். மறுபடி ஓட்டம். மறுபடி ஒரு இருமல். பிறகு இறங்கி அடங்கியது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டது நிஜமாகிவிடும்.

ஜாஃபர் மெல்ல நடந்து ரோட்டு மூலைப் பக்கம் போய் நின்றார். காற்று துளிகூட இல்லை. ஆனால் பள்ளத்துக்கு மேலே ஓரிடத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு, ஆகாயத்தாமரை இலைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து இலைகள் அசையவில்லை. அப்போதுதான் அவர் இன்னொன்றையும் பார்த்தார். வற்றுகிற குளத்தில் மீன் ஆழம் தேடிப் பள்ளத்துக்குத்தான் போகும். இங்கே அத்தனை விரால்களும் எதிர்க் கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் ஒன்றன் மேல் ஒன்றாக மொய்த்து, முதுகு வெயிலில் காயக் கிடந்தன. கொத்தித் தின்ன ஒரு கொக்குகூட வரவில்லை.

அவர் திரும்பி வந்தார். அந்த இருமலை அவருக்குத் தெரியும். வசிஷ்டின் வண்டியில் கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தும் தீராமல் போன இருமல் அது. பாதி முறுக்கினால் ஒரு முறை இருமிவிட்டுத்தான் மேலே போகும். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றிருக்கிறது! இந்த உலகத்தில் அப்படி இருமுகிற என்ஜின் ஒன்றே ஒன்றுதான்.

"மது" என்றார். "நிறுத்திருவோம்மா. வண்டியக் கழட்டி ஒர்க்‌ஷாப்புக்கு ஏத்திரலாம்."

"பாதியில நிறுத்துனா ரிங் உக்காருமாண்ணே?"

"உக்காராது."

"அப்ப ரேஸ்?"

"ரேஸ் கெடக்குதும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஜாஃபர் சாதிக் வாயிலிருந்து ரேஸ் கிடக்கட்டும் என்று வருவதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்குப் புரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. கேட்டது யாருடைய வண்டி என்பதும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு வந்தது பயம்தான். வேறு பேர் வைத்து மறைக்க ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குப் பின்னால் நின்றது. இப்போது நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் வசிஷ்ட் பெங்களூரில் இருப்பான். எந்தச் சிக்னலிலாவது நிற்பான். கோபம் தணிந்தால் கூப்பிடுவான். இன்னும் கொஞ்ச நாளில் மேட்டூர் திறந்துவிடுவார்கள், குளம் ரொம்பிவிடும், அவனும் பத்திரமாக பெங்களூரிலேயே இருந்துவிடுவான். முறுக்கினால் அவன் எங்கே இருக்கிறானோ அங்கே இருப்பான்.

"பாய் சொல்றத கேளு பாப்பா" என்றார் பஞ்சநதம். "எனக்கு மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்படியே விட்டுருவோம்."

மதுவந்தி வீட்டுப் பக்கம் பார்த்தாள். கூப்பிடு தூரம்தான், ஓட்டுக் கூரை தெரிந்தது. அந்தக் கூரைக்குக் கீழே ஒரு மனுஷி ஒன்றரை வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"வால்வைத் தொறங்கண்ணே" என்றாள்.

ஜாஃபர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு வால்வின் மேல் கையை வைத்தார்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். முறுக்குவதற்கு முன்னாலேயே குளத்துக்குள் அது ஏறியது. இதுவரை பின்னால் வந்தது இப்போது முன்னால் போயிற்று. இருமிவிட்டு மேலே போயிற்று, இவள் தொட்டுக்கொண்டு போனாள். அது இறங்கியது, இவள் இறங்கினாள். மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. ஜாஃபர் தலையாட்டவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. அவர் சொல்ல நினைத்த இடத்தில் எல்லாம் அது தானாகவே ஏறி இறங்கியது. ஒரு புது என்ஜினை எப்படிப் பழக்க வேண்டுமோ அப்படி, ஒரு பிசகு இல்லாமல், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வால்வைப் பிடித்தபடி மரமாக நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

குளத்தின் மட்டம் கண் முன்னால் இறங்கியது. கரையோரம் கறுப்புச் சேறு அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. தண்ணீர் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் மேலிருந்த மூடி விலகிக்கொண்டே வந்தது. பானைக்குள் கேட்டது இப்போது பக்கத்து அறையில் கேட்டது. பிறகு அறையும் இல்லை, அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வண்டி நிற்கிறது, இரண்டு பேரும் ஒரே வளைவை நோக்கிப் போகிறார்கள்.

கடைசியாக அது ஏறியது. இவளும் ஏறினாள். அது நின்ற உச்சியில் இவளும் நின்றாள். இப்போது யார் முதலில் விடுவது?

"விடு மது!" ஜாஃபர் கத்தினார். "சூடு ஏறுது! பிஸ்டன் பிடிச்சுக்கும், விட்டுரு!"

எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் விடுவாள். ஒரு மூச்சு தள்ளி அவன் விடுவான், திரும்பிப் பார்த்துப் பழிப்புக் காட்டுவான். இன்றைக்கு விட முடியாது. விட்டால் அவன் இன்னொரு மூச்சு அங்கேயே கிடப்பான். வெந்த இரும்பு வாடை மூக்கில் ஏறியது. தொடையில் அனல் அடித்தது. "போதும்டா" என்று அவள் ஹெல்மெட் இல்லாத தலையைக் கவிழ்த்து, டேங்கின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "போதும், நீ விடு. நீதான் இன்னிக்கு முதல்ல விடணும்."

அது விட்டது.

வசிஷ்ட் அவளுக்கு முன்னால் விட்டது அதுதான் முதல் தடவை. சத்தம் சரசரவென்று இறங்கி, ஒரு தடவை இருமி, நின்றது. அதே நேரத்தில் குழாயின் வாய் தண்ணீரை விட்டுச் சேற்றையும் காற்றையும் உறிஞ்சிக் கொர்ரென்று கத்தியது. பம்பு வெறுமனே சுற்றியது. மதுவந்தி கையை விட்டாள், ஸ்விட்சை அழுத்தினாள். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. எங்கேயும், எதுவும். அந்த நிசப்தத்தில்தான் அவளுக்கு முழுசாகப் பயம் வந்தது.

ஆகாயத்தாமரை எல்லாம் தொய்ந்து சேற்றின் மேல் படிந்தது. பள்ளத்தில் ஓர் இடத்தில் மட்டும் படியாமல், உள்ளே யாரோ முட்டுக் கொடுத்தது போல் தூக்கிக்கொண்டு நின்றது.

பஞ்சநதம்தான் இறங்கினார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடை வரை புதையப் புதையப் போனார். கொடியை வாரி ஒதுக்கினார். ஹேண்டில்பாரின் ஒரு முனை. டேங்க். ஜாஃபர் கையால் அடித்த பச்சைப் பெயின்ட் சேற்றுக்கு அடியிலும் பச்சையாகத்தான் இருந்தது. வண்டிக்குக் கீழே முதுகுப் பையின் பட்டை. கொஞ்சம் தள்ளி ஹெல்மெட். ஹெல்மெட் காலியாக இல்லை.

பஞ்சநதம் துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜாஃபர் கரையில் நின்றபடி இன்னாலில்லாஹி ஓதினார். ஓதி முடித்துப் போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டார். அவர்களுக்கு இடத்தின் அடையாளம் சொன்னார். ரிங் உட்கார்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

மதுவந்தி குளத்துக்குள் இறங்கவில்லை. அழவும் இல்லை. அவள் கரை ஏறி ரோட்டுக்கு வந்து நின்றாள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் எங்கே யார் விழுந்தாலும் முதலில் வளைவைத்தான் பார்ப்பார்கள். எந்த வேகத்தில் வந்தான், எங்கே தவறினான், வண்டி அவனை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று. அவளுக்கும் கண் தானாக அங்கேதான் போயிற்று.

ரோடு அந்த இடத்தில் முழங்கை மாதிரி மடங்குகிறது. ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிறவன் வளைவைத் தவறவிட்டால் நேரே பஞ்சநதத்தின் வயலுக்குள் போய் விழுவான். மழைக்காலத்தில் சேறு, நெல்லு, அவ்வளவுதான். எழுந்து துடைத்துக்கொண்டு வந்துவிடலாம். குளம் அந்தத் திசையில் இல்லவே இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வருகிறவனுக்குத்தான் வளைவைத் தாண்டி நேர் எதிரே குளம். அவள் போகிற வழியில் நின்று பார்த்தாள், வருகிற வழியில் நின்று பார்த்தாள். அதையே மறுபடியும் செய்தாள். போகிறவன் குளத்தில் விழ வழியே இல்லை.

அவள் சுடுகிற தாரில் அப்படியே உட்கார்ந்து போனில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, சத்தம் நின்னுபோச்சு? முடிஞ்சுதா?" என்றாள் ஞானம்.

"அம்மா, நம்ம கொளத்துல வசிஷ்ட் வண்டி கெடக்கும்மா." அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அவனும் இருக்கான்."

அந்தப் பக்கத்தில் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக, பார்த்துப் பார்த்து வைப்பது போல.

"அம்மா, கேளு. அவன் பெங்களூர் போகல. அவன் நம்மள விட்டுட்டுப் போகலம்மா. பாதியில திரும்பிட்டான். வீட்டுக்கு வர்ற வழியிலதான் விழுந்திருக்கான். வளைவைப் பாத்தா தெரியுது. சத்தியமா வீட்டுக்குத்தாம்மா வந்துக்கிட்டு இருந்திருக்கான்."

ஞானம் பேசினாள். அவள் குரலில் அந்தக் கோபம் இல்லை. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக இல்லை. அது இல்லாமல் அவள் குரல் எப்படி இருக்கும் என்பதையே மதுவந்தி மறந்திருந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டுச்சுடி" என்றாள். "மழைக்குள்ள நல்லாக் கேட்டுச்சு. அவன் வண்டிதான், அந்த இருமல் எனக்குத் தெரியாதா? எந்திரிச்சு உக்காந்தேன். வந்துட்டான், நல்லவேளை சோத்துல தண்ணி ஊத்தாம வச்சோம்னு நெனச்சேன். வளைவு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. ஊர் எல்லை வரைக்கும் வந்துட்டு, வீட்டுக்குள்ள வராம, அப்படியே வண்டிய அமத்தித் தள்ளிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டானேன்னுதான்டி எனக்குக் கோவம்."